இடவப்பாதி மழைக்கு முன் வீட்டைத் தயார்செய்து வைப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

மதுரை, திருச்சி, சேலம் பக்கமிருந்து வேலை மாற்றலாகிக் குமரி மாவட்டத்துக்கு வருபவர்கள் முதல் வருஷம் ஒரு கணக்கில் தவறிவிடுகிறார்கள். "மழை ஐப்பசியில்தானே, அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி காற்றோடு மழை பிடிக்கும். விடியும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி, டிவிக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட், அடுக்களையில் நனைந்த அரிசிச் சாக்கு. அப்போது கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் பத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். வந்தாலும் ஈரச் சுவரில் எந்தப் பூச்சும் ஒட்டாது.

இங்கே வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவமழையை ஊரில் இடவப்பாதி என்பார்கள். மலையாள இடவ மாதம் பாதி கழியும்போது, அதாவது நம் வைகாசி நடுவில், தொடங்குவதால் அந்தப் பெயர். கேரளத்தில் அது தொடங்குவதற்கான வழக்கமான தேதி ஜூன் 1. நமக்கும் அதே மேகம்தான். அப்புறம் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு, கிள்ளியூர் தாலுகாக்களில் இரண்டும் பலமாகவே இருக்கும். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் இடவப்பாதி மழை குறைவு, காற்று அதிகம். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது கணவாய் வழியே வரும் அந்தக் காற்றுக்காகத்தான். அங்கே வீடு பிடித்தவர்கள் ஓடும் ஷீட்டும் பறக்காமல் பார்ப்பதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

இரண்டு மழைக்கும் குணம் வேறு. இடவப்பாதி மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். விட்டு விட்டு நாள் முழுக்கப் பெய்யும். வெயில் முகமே காணாத நாட்கள் வரும். ஐப்பசி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு இடி மின்னலோடு இறங்கும். அதனால் வீட்டின் மேற்குப் பக்கத்தை முதலில் பாருங்கள். மேற்குச் சுவர், மேற்கு ஜன்னல்களின் சன்ஷேட், மேற்குச் சரிவு ஓடு, அதன் பிறகு மற்றது.

எப்போது தொடங்குவது?

சித்திரை பிறந்ததும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் நான்கைந்து கோடை மழை பெய்யும். அதை வீணாக்காதீர்கள். வீட்டைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. மழை பெய்யும்போது ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். ஈரம் தெரியும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். மறுநாள் காய்ந்த பிறகு வட்டம் மட்டும் நிற்கும். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அதைக் காட்டினால் போதும். மே மூன்றாம் வாரத்துக்குள் மேல்வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

வேலையின் வரிசைக்கு ஒரே விதி: தண்ணீர் போகும் வழியிலேயே நீங்களும் போங்கள். முகட்டில் விழும் துளி ஓட்டில் வழிந்து, பாத்தி என்ற தகர வாய்க்காலில் இறங்கி, முற்றத்தைக் கடந்து, ஓடைக்குப் போய்ச் சேரும்வரை எங்கே தடைப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் எதுவும் விட்டுப்போகாது. கீழே தரைக்கு டைல்ஸ் போட்டுவிட்டு மேலே ஓட்டைப் பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் இரண்டு முறை செலவாகும்.

ஓட்டுக் கூரை

பழைய வீடு என்றால் அநேகமாக மங்களூர் ஓடுதான் இருக்கும். மச்சு இல்லாத அறையென்றால் நல்ல வெயில் நேரத்தில், பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு, கதவு ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் ஆகும். அதன் பிறகு கூரையில் ஊசி முனை அளவில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஒழுகல். ஓட்டின் பக்கவாட்டு விளிம்பில் கோடாக வெளிச்சம் வந்தால் ஓடு நகர்ந்திருக்கிறது. நடுவில் வந்தால் விரிசல் விட்டு விரிந்திருக்கிறது. நகர்ந்ததைக் கையால் தள்ளிப் பொருத்தலாம், விரிந்ததை மாற்றத்தான் வேண்டும். விரிசலில் சிமென்ட் பூசி வைத்தால் ஒரு வெயில் தாங்காது.

உள்ளே நின்று கையெட்டும் உயரத்தில் ஏணி போட்டால் பல ஓடுகளை உள்ளிருந்தே மாற்றலாம். மேல் வரிசை ஓட்டைச் சற்று மேலே தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவி, புதியதை ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்கு மரச் சட்டம்) அதன் பல் மாட்டும்படி வைத்து, மேல் ஓட்டை இறக்கிவிட வேண்டியதுதான். வெளியே ஏறுவதென்றால் பழகிய ஆளைத்தான் ஏற்ற வேண்டும். பாசி பிடித்த ஓடு வெயிலில்கூட வழுக்கும். அடியில் ரீப்பர் இல்லாத இடத்தில் கால் வைத்தால் ஓடும் போகும், ஆளும் விழுவார்.

புது ஓடு வாங்கப் போகும்போது உடைந்த ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓட்டின் அடிப்பக்கம் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் பள்ளமும் மேடும் ஒரு நூல் முன்பின் இருக்கும். வேறு ஓட்டைக் கலந்தால் பக்கத்து ஓட்டையும் தூக்கிவிடும், பழைய ஒழுகல் இரண்டு ஒழுகலாகும். பழைய வீடு பிரித்த சாமான் விற்கும் கடைகளில் அதே அச்சு பெரும்பாலும் கிடைக்கிறது. இருபது ஓடு கூடுதலாக வாங்கிப் புறவாசலில் அடுக்கி வையுங்கள். தென்னை மட்டை எந்த ராத்திரி விழும் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் முகட்டு ஓடு. இரண்டு சரிவும் சேரும் உச்சியில் வைத்த சாந்து வெயிலில் விரிந்து உதிர்ந்திருக்கும். அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, நனைத்து, புதுச் சாந்து வைக்கச் சொல்லுங்கள். பழைய சாந்தின் மேலேயே பூசினால் ஒட்டாது. ஓட்டைத் தாங்கும் கழுக்கோலையும் ரீப்பரையும் ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் கறையான் அரித்திருக்கிறது. ஒரு ரீப்பர் தொய்ந்தால் அந்த வரிசை ஓடு முழுவதும் நெகிழும்.

இரண்டு கூரை சேரும் மடிப்பிலும், இறவாரத்தின் ஓரத்திலும் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகும் தகர வாய்க்காலை இங்கே பாத்தி என்பார்கள். குமரி வீட்டில் ஒழுகல் என்றால் நான் முதலில் கை வைப்பது பாத்தியில்தான். பலா, மா, ரப்பர் இலைகள் விழுந்து மட்கி அதில் ஒரு விரற்கடை மண்ணே படிந்திருக்கும். வாரிப் போட்டுவிட்டு, மேல்முனையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் எங்கேயும் நிற்காமல் கீழ்முனைக்கு ஓடிவர வேண்டும். நின்றால் அந்த இடத்துக் கொக்கியைச் சற்று உயர்த்தி மாட்டுங்கள். துருப்பிடித்து ஊசித் துளை விழுந்திருந்தால் தார் ஒட்டு ஒரு பருவம் தாங்கும், அடுத்த வருஷம் மாற்றிவிடுங்கள்.

மொட்டை மாடி

கான்கிரீட் வீட்டுக்காரர்கள் ஒழுகல் வந்ததும் பெயின்ட் கடைக்கு ஓடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஓடினோம். வீடு கட்டி மூன்றாம் வருஷம் ஹாலில் ஃபேன் மாட்டிய இடத்திலிருந்து சொட்டு விழுந்தது. மழை விட்டதும் விலையுயர்ந்த வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். அடுத்த மழையில் அதே சொட்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்று கேட்டார்: "மக்ளே, மாடியிலே வெள்ளம் போற ஓட்டையப் பாத்தியா?" இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். மேலே போய்க் குழாய் வாயில் கையை விட்டேன். பலா இலைக் கட்டியோடு பிள்ளைகள் விளையாடிய இறகுப்பந்து ஒன்று வந்தது. வெளியேற வழியில்லாமல் மாடித் தண்ணீர் கைப்பிடிச் சுவரின் அடிமூட்டு வரை ஏறி, அங்கிருந்த விரிசல் வழியாக வயர் போகும் குழாய்க்குள் இறங்கியிருந்தது. அதோடு அந்த ஒழுகல் நின்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். வானிலைத் துறைக் கணக்கில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டாலே கனமழை; 115.6 முதல் மிகக் கனமழை. ஒரே ஒரு குழாயை நம்பி இவ்வளவு தண்ணீரை விட முடியாது. ஆயிரம் சதுர அடிக்கு நான்கு அங்குலக் குழாய் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று அடைத்தால் மற்றது காப்பாற்றும். குழாய் வாயில் கம்பி வலைக் கூம்பு மாட்டுங்கள். தட்டையான வலை வேண்டாம், இரண்டு இலை விழுந்தால் அதுவே மூடியாகிவிடும்.

துடைத்துப் பெருக்கியதும், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். சரிவு பத்தடிக்கு ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரிந்தால் அதை உளியால் 'வி' வடிவில் சற்று அகலப்படுத்தி, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, விரிசல் நிரப்பும் பசையை அழுத்தி அடைக்க வேண்டும். அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் மேல்பூச்சு. முதல் கோட் நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. தொடர்ந்து மூன்று நாள் வெயில் உறுதி என்றால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

இப்போது பல வீடுகளில் மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டு ஷீட் கூரை போட்டிருக்கிறார்கள். மழைக்கு நல்லது, துணி காயும். ஆனால் ஸ்க்ரூக்களின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் நாலைந்து வருஷத்தில் வெடித்துவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து மாற்றுங்கள். ஷீட்டின் ஓரம் காற்றில் படபடவென்று அடித்தால் அங்கே ஸ்க்ரூ போதவில்லை என்று பொருள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கரையை ஒட்டிக் கடந்தபோது ஷீட்டுகள் பறந்து போய் அடுத்த விளையில் (தோப்பில்) கிடந்ததை இங்கே உள்ளவர்கள் மறக்கவில்லை.

முற்றம், ஓடை, கல்கெட்டு

தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. இனி அது வீட்டின் அடித்தளத்தை விட்டு விலகிப் போக வேண்டும். சுவரை ஒட்டிய தரை வெளிப்புறமாகச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். செடிக்கு மண் போட்டுப் போட்டு உயர்த்தி, சுவர்ப் பக்கம் பள்ளமாக்கிவிடுகிறோம். வெட்டுக்கல்லில் கட்டிய பழைய சுவர் என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அடியில் ஈரம் நின்றால் கல் இளகும், பூச்சு உப்பி விழும். ஓடையில் மண்வெட்டி போட்டு வாருங்கள். உங்கள் ஓடை போய்ச் சேரும் ரோட்டோர ஓடையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ மே மாதமே மனு கொடுத்துவிடுங்கள்.

மாவட்டத்தின் மேற்கே பெரும்பாலான வீடுகள் சரிவை வெட்டி நிரவிய மண்ணில் நிற்கின்றன. பின்னால் மண்திட்டு, அதைத் தாங்கக் கல்கெட்டு, அதாவது கல்லால் கட்டிய சுவர். அந்தக் கல்கெட்டில் தண்ணீர் கசிந்து வெளியேற அங்கங்கே குழாய்த் துளை விட்டிருப்பார்கள். கம்பியை விட்டுக் குத்தி மண்ணை எடுங்கள். துளை அடைந்தால் பின்னால் மண் நனைந்து கனத்து, முழுச் சுவரையும் முன்னே தள்ளும். கல்கெட்டில் வயிறு தள்ளியது போல வீக்கமோ, மேலே மண்ணில் நீளமாக வெடிப்போ தெரிந்தால், அதை ஒட்டிய அறையில் மழைக்காலம் முழுக்க யாரும் படுக்க வேண்டாம். நல்ல கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டிய பிறகு மற்றதை யோசிக்கலாம்.

மரங்கள்

தென்னையில் 45 நாளுக்கு ஒரு முறை தேங்காய் வெட்டு நடக்கும். இடவப்பாதிக்கு முந்தைய வெட்டில் காய்ந்த மட்டையும் கொதும்பும் (பாளையின் மூடி) சில்லாட்டையும் (மட்டையடி நார்வலை) ஒன்று விடாமல் கழிக்கச் சொல்லுங்கள். வீட்டின் மேல் சாய்ந்த தென்னையை எதிர்ப்பக்கத்து மரத்தோடு கம்பி போட்டு இழுத்துக் கட்டுவது இங்கே வழக்கம். கம்பி மரத்தை அறுக்காமல் இடையில் பழைய டயர்த் துண்டு வைக்க வேண்டும். அயனி, பலா, மாமரங்களில் வீட்டின் மேலோ கரண்டு கம்பியின் மேலோ நீண்ட கிளையை வெட்டுங்கள். கம்பியைத் தொடும் கிளை என்றால் நீங்கள் வெட்டக் கூடாது, மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான்.

ரப்பர் இருந்தால் பால் பிடிக்கும் சிரட்டைகளை, வெட்டு இல்லாத நாட்களில், கவிழ்த்து வையுங்கள். ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும், டெங்கு கொசு பெருகுவதற்கு.

கரண்டு

ஒக்கி அடித்தபோது எங்கள் பக்கம் பதினொரு நாள் கரண்டு இல்லை. அது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரச் சுவரில் கை வைத்துச் சிலீரென்று ஷாக் அடிப்பது பழைய வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது, ஆபத்தும் அதில்தான் அதிகம்.

மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதன் மேல் எழுதியிருக்கும். கரண்டு எங்காவது கசிந்தால் கண் இமைப்பதற்குள் லைனை அறுத்துவிடும் சாதனம் இது. இல்லையென்றால் இந்த வருஷம் வேறு எந்தச் செலவைத் தள்ளிவைத்தாவது இதைப் போடுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பெட்டி.

மழை நாளில் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் சிலர் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைத் தாண்டி நேராக வயரைக் கொடுக்கச் சொல்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். எங்கோ ஈரம் வயரைத் தொடுகிறது என்று அது சொல்கிறது. எல்லா பிளக்கையும் உருவி, எல்லா சுவிட்ச் பிரேக்கரையும் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. அநேகமாக அது வெளிச் சுவர் விளக்கு, கிணற்று மோட்டார், இல்லை குளியலறை கீசர்.

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரையும் கவனியுங்கள். அது சுவருக்குள் நுழையுமிடத்தில் சற்றுத் தொங்கி வளைந்து பிறகு மேலேறி நுழைய வேண்டும். நேராகச் சரிந்து வந்தால் மழைத்தண்ணீர் வயர் மேலேயே வழிந்து மீட்டர் பெட்டிக்குள் போகும். எர்த் குழியைச் சுற்றி மண் மூடியிருந்தால் சுத்தம் செய்து, எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தரையிலிருந்து ஓரடி உயர ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

மின்னலுக்கு சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், இன்டர்நெட் மோடம் எல்லாம். மோடத்துக்கு வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். மலையோரம் ஐப்பசியில் இது தினமும் சாயங்கால வேலை.

கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள், யாரையும் போக விடாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077. இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். கைபேசியில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் அதுவும் போய்விடும்.

வெந்நீரும் விறகும்

குமரியில் உறைய வைக்கும் குளிர் கிடையாது. ஆனால் பத்து நாள் வெயில் காணாத இடவப்பாதியில் ஈரம் எலும்பில் இறங்கும். கைக்குழந்தை, பிரசவித்த பெண், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வெந்நீர் முக்கியமான ஏற்பாடு.

மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் மே மாதம் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்து, தாங்கும் ஸ்டாண்டின் போல்ட்டுகளை முறுக்குங்கள். ஜூன் காற்று அதைத்தான் முதலில் ஆட்டும். டாங்கியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். வெயிலில் காலியாகக் காய்ந்த குழாயில் திடீரெனக் குளிர்ந்த தண்ணீர் புகுந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். மேகமூட்டமான நாட்களில் சோலார் வெதுவெதுப்பு மட்டும்தான் தரும். அதற்காக உள்ளே கரண்டு காயில் வைத்திருப்பார்கள். வருஷத்தில் பத்து மாதம் தொடாத அந்தக் காயிலை, தேவைப்படும் நாளில் முதன்முறையாகப் போடாதீர்கள். இப்போதே எலெக்ட்ரீசியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

கீசரில் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி சுமாருக்கு வையுங்கள். அடியில் உள்ள பாதுகாப்பு வால்வில் தண்ணீர் காயும்போது துளித்துளியாகச் சொட்டினால் பயப்பட வேண்டாம், சூடேறிய தண்ணீர் விரிந்து வெளியேறுகிறது. அதைக் கட்டி அடைக்கத்தான் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் டாங்கி வெடிக்கும். வாளியில் போடும் கம்பி ஹீட்டரை நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. வைத்திருப்பவர்கள் பிளக்கை உருவிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கக் கூடாது. சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக் குளிக்கும்போது, எரியும் கேஸ் உள்ளே உள்ள காற்றைத் தின்று கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு வாசனை இல்லை, நிறமில்லை; தலை சுற்றுவதாகத் தோன்றுவதற்குள் கால் ஓடாது. கீசரை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பிள்ளை பெற்ற அறையில் கதவைச் சாத்திக் கரிநெருப்புச் சட்டி வைப்பதும் இதே ஆபத்துதான். சட்டியை முற்றத்தில் வைத்துத் துணியை அதில் சூடுகாட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் அது போதும்.

விறகடுப்பு இருக்கும் வீடு மழைக்காலத்தில் தவிக்காது. விறகை மே மாத வெயிலில் நன்றாகக் காயவைத்து, தரையில் செங்கல் அடுக்கி அதன் மேல் அடுக்குங்கள். மேலே மூடி, பக்கவாட்டில் காற்றுப் போக வழி விடுங்கள். கதம்பையும் (தேங்காய் மட்டை) கொதும்பும் தனிச் சாக்கில். கொதும்புதான் ஈர நாளில் தீயைப் பற்றவைக்கும், அதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் எந்த மழையிலும் சரசரவென்று இருக்கும்.

கிணறு

மழை வந்ததும் கிணறு நிறையும், கூடவே மேல்மண் தண்ணீரும் இறங்கும். கிணற்றைச் சுற்றிய சுவரிலும் தளத்திலும் விரிசல் இருந்தால் அடைத்து, மேலே வலை போடுங்கள். முதல் பெருமழை கழிந்ததும் ஒரு முறை குளோரின் போடுவது நல்லது. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஆறரை அடி, அதாவது இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர்; அதற்கு 24 கிராம் போதும். பவுடரை வாளியில் குழைத்துத் தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிஷம் தெளியவிட்டு, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி நன்றாகக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோர வேண்டும். குடிக்கும் தண்ணீரை அப்போதும் காய்ச்சுங்கள்.

செப்டிக் டாங்க் நிறைந்திருந்தால் வண்டியை ஏப்ரலில் கூப்பிட்டுவிடுங்கள். அடைமழையில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது உறிஞ்சிக் காலி செய்தால், ஃபைபர் டாங்கியைக் கீழிருந்து தண்ணீரே தூக்கிவிடும்.

ஆற்றோரம், கடலோரம்

குழித்துறை ஆற்றங்கரையிலோ, பழையாற்றை ஒட்டி ஒழுகினசேரி, சுசீந்திரம் பக்கமோ வீடு என்றால் செய்தியில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். பேச்சிப்பாறை அணையின் முழு உயரம் 48 அடி, பெருஞ்சாணி 77. மட்டம் அதை நெருங்கி, மலையில் மழையும் விடாமல் பெய்தால் உபரித் தண்ணீர் திறப்பார்கள். கோதையாற்றில் வரும் தண்ணீர் திற்பரப்பைக் கடந்து குழித்துறைக்கு வரும். உங்கள் தெருவில் மழையே இல்லாத நேரத்திலும் ஆறு ஏறலாம். ஆதார், பத்திரம், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ்களை ஜிப் கவரில் போட்டு ஒரே பையில், மேல் அலமாரியில் வையுங்கள்.

கடலோர வீடுகளில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ஷீட் ஸ்க்ரூ, ஜன்னல் கொக்கி, எர்த் கம்பி மூன்றையும் வருஷத்துக்கு இரண்டு முறை பாருங்கள்.

முதல் மழையன்று

முதல் கனமழை பிடித்ததும், இடி இல்லாவிட்டால், குடையும் டார்ச்சுமாக வெளியே இறங்கி வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். பாத்தியில் எங்கே வழிந்து கொட்டுகிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, முற்றத்தில் எங்கே தேங்குகிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாத இரண்டு மூன்று இடங்கள் அன்றைக்குத் தெரியும். பாத்தியின் இலையை ஜூன், ஜூலையில் வாரம் ஒரு முறை வாருங்கள்.

ஆவணி, புரட்டாசியில் மழை இடைவெளி விடும்போது இன்னொரு சுற்று உண்டு, சின்னதுதான்: பாத்தியும் மாடிக் குழாயும் மறுபடி சுத்தம், கிழக்கு ஜன்னல்களின் சன்ஷேட், தென்னையில் ஒரு வெட்டு, ஆர்சிசிபி பட்டன், செலவான ஓட்டுக்குப் பதில் ஓடு.